பற்று யார், வரவு யார்?

பி.காம். படித்தவர்களுக்கு ‘ஜர்னல்’ என்றால் குறிப்பேடு. யார் பற்று, யார் வரவு என்று நடந்த அன்றே எழுதி வைக்கிற புத்தகம். விஞ்ஞானிகளின் ஜர்னல் வேறு ரகம். அமெரிக்கப் புவி இயற்பியல் சங்கம் 1986-ல் ‘பேலியோஓஷனோகிராபி’ என்று ஒன்றைத் தொடங்கியது. 2018-ல் ‘பேலியோஓஷனோகிராபி அண்ட் பேலியோகிளைமட்டாலஜி’ என்று பெயரை நீட்டிக்கொண்டது. நாக்கு சுளுக்கும் பெயர். ஆனால், விஷயம் எளிது. பூமியின் பழைய கடல், பழைய வெயில், பழைய மழை... இவற்றின் கணக்குப் புத்தகம் அது!

கணக்கை எங்கே பிடிக்கிறார்கள்? கடலடிச் சேற்றில், ஃபோராமினிஃபெரா என்கிற நுண்ணுயிர்களின் மணல் பருமன் ஓடுகளில். அந்த ஓட்டிலுள்ள ஆக்சிஜனில் கனமானது எவ்வளவு, லேசானது எவ்வளவு என்று பார்த்தால், அன்றைய கடலின் சூடும் பனியின் அளவும் பிடிபடும். சுமார் 20 ஆயிரம் வருஷம் முன்பு கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் கீழே இருந்தது. ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம்.

இதைச் சொன்னதும் ஒரு கேள்வி வரும். ‘பூமி எப்பவும் மாறிக்கிட்டேதானே சார் இருந்திருக்கு? இப்ப மட்டும் எதுக்கு இந்தக் கூப்பாடு?’

சாவும் இயற்கைதான். அதற்காக, ‘எப்படியும் ஒருநாள் போகப்போறவர்தானே ஐயா’ என்று கொலை செய்தவன் கோர்ட்டில் சொன்னால் விட்டுவிடுவார்களா? அண்டார்டிகா பனியில் சிக்கிய காற்றுக் குமிழிகள் 8 லட்சம் வருஷக் கதை சொல்கின்றன. தொழிற்புரட்சி வரும் வரை கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 300 பங்கைத் தாண்டியதே இல்லை. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஏறியதில் பெரும்பகுதி 1958-க்குப் பிறகு. இந்த முறை மாற்றியது யார் என்று தெரியும். நாம்தான்.

திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய் கண்டிகையைப் பாருங்கள். ஊர் ஆடு மாடுகள் மேய்ந்த நிலம் சிப்காட் ஆனது. ஜனங்கள் போராடிப் பார்த்தார்கள். இன்று அங்கே டயர் தயாராகிறது. பக்கத்திலேயே, சென்னையின் தாகத்துக்காக 50 கோடி கன அடி நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. டயரும் வேண்டும், தண்ணீரும் வேண்டும், வேலையும் வேண்டும். மறுக்கவில்லை. ஆனால், வரவு ஒருத்தர் பேரில், பற்று இன்னொருத்தர் பேரில்!

பருவநிலைக் கணக்கும் இதேதான். வண்டி ஓட்டுவது நாம். பில் போவது நூறு வருஷம் கழித்துப் பிறக்கிற பிள்ளைக்கு. தேர்வாய் கண்டிகைக்காரர்களாவது ரோட்டில் உட்கார்ந்து கோஷம் போட முடிந்தது. பிறக்காத பிள்ளை எங்கே போய் உட்காரும்?

அதே மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தைய கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. எத்தனையோ வறட்சி, வெள்ளத்துக்கு நடுவே அந்த மனிதர்கள் வாழ்ந்திருப்பார்கள். நம் தலையில் கடன் எதையும் கட்டவில்லை. கல்லை மட்டும் போட்டுவிட்டுப் போனார்கள்.

தொழிற்சாலையை இழுத்து மூடச் சொல்லவில்லை. பற்றையும் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். கடனை மறைத்து லாபம் மட்டும் காட்டுவதற்கு நாங்கள் படித்த படிப்பில் ஒரு பெயர் உண்டு.

மோசடி!