காத்திருப்பதும் தொண்டா?

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டால் அது சேவை. கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளி தூக்கினால் அது சேவை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக டியூஷன் எடுத்தால் அதுவும் சேவை. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் செம்பனைத் தோட்டத்து முச்சந்தி ஒன்றில், விடியற்காலை ஐந்து மணியிலிருந்து மதியம் வரை, கையில் ஒரு வானொலிப் பெட்டியோடு சும்மா உட்கார்ந்திருந்தால்? அது சேவையா, வெட்டி வேலையா?

இந்தக் கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்த முச்சந்தியில் உட்கார்ந்தவன் நான்தான்.

நான் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா காலத்தில் பால்மரம். நான் பள்ளிக்குப் போன காலத்தில் எல்லாம் செம்பனையாகிவிட்டது. இப்போது சுங்கைப் பட்டாணியில் வேலை. எங்கள் இளைஞர் மன்றத்துக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் உண்டு. தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் ‘டிரெசர் ஐயா’தான். அவருடைய பொழுதுபோக்கு அமெச்சூர் வானொலி, அதாவது ஹாம் ரேடியோ. “பாட்டு கேக்குற ரேடியோ இல்ல தம்பி, பேசுற ரேடியோ” என்பார். அவர் தூண்டித்தான் நானும் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் தேர்வை எழுதினேன். தேறியவர்களுக்கு ஒரு அழைப்புக் குறி கிடைக்கும். அதைச் சொல்லித்தான் அலைவரிசையில் பேச வேண்டும். ஒரு முக்கியமான விதி உண்டு. இந்த வானொலியை வைத்துக் காசு சம்பாதிக்கக் கூடாது. அமெச்சூர் என்ற சொல்லுக்கே ‘நேசிப்பவர்’ என்றுதான் மூலப் பொருள்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு மாரத்தான் நடந்தது. முழுத் தூரம், 42.195 கிலோமீட்டர். பாதி பட்டணத்துச் சாலை, பாதி தோட்டத்து மண் சாலை. தொடர்பு வசதிக்கு உதவும்படி ஏற்பாட்டாளர்கள் கேட்டார்கள். டிரெசர் ஐயா வரைபடத்தைச் சாப்பாட்டுக் கடை மேசையில் விரித்து, தே தாரிக் கோப்பைகளை அதன் நான்கு மூலையிலும் வைத்தார். அன்றுதான் எனக்குத் தெரிந்தது, இதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதைவிட முன்கூட்டி யோசிப்பதுதான் பெரிய வேலை என்று.

எங்கே கைத்தொலைபேசிக்கு லைன் இல்லை? எந்தப் பள்ளத்தில் வானொலியும் கேட்காது? கைப்பெட்டியின் சக்தி வெறும் 5 வாட். வெட்டவெளியில் அது தூரம் போகும். செம்பனைக் காட்டுக்குள் ஈர ஓலைகள் அலையை விழுங்கிவிடும். மேடு குறுக்கே வந்தால் சுத்தமாக நின்றுவிடும். இரண்டு வாரம் முன்பே பாதை முழுவதும் போய்ப் பேசிப் பேசிச் சோதித்தோம். குரல் எட்டாத பள்ளத்துக்காக, மேட்டில் ஒரு காரை நிறுத்தி, அதில் ஒருவர் இரு பக்கப் பேச்சையும் கேட்டு மாற்றிச் சொல்வது என்று முடிவானது. ஒவ்வொரு தண்ணீர் நிலையத்துக்கும் ஓர் ஆள். முடிவுக் கோட்டில் எல்லாரையும் ஒழுங்குபடுத்தும் கட்டுப்பாட்டு நிலையம். மாற்று அலைவரிசை. மாற்று மின்கலம்.

பேச்சுக்கும் விதிகள். ஓடுபவரின் பெயரைச் சொல்லக் கூடாது, சட்டை எண் மட்டும். யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய அலைவரிசையில் ஒருவருடைய நோயைப் பெயரோடு சொல்வது தப்பு. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். ‘மாரடைப்பு மாதிரி இருக்கு’ என்பது ஊகம். ‘தரையில் கிடக்கிறார், கூப்பிட்டால் பதில் இல்லை’ என்பது செய்தி.

கடைசி விதி, இடத்தை விட்டு நகரக் கூடாது. எனக்கு அது நெருடியது.

“ஐயா, என் கண்ணு முன்னாடியே ஒருத்தர் விழுந்தா? நான் ஓடிப்போய்த் தூக்கக் கூடாதா?”

“தூக்கு தம்பி. ஆனா முதல்ல சொல்லு, அப்புறம் தூக்கு. நீ தூக்குனா ரெண்டு கை. நீ சொன்னா ஆம்புலன்ஸே வரும்.”

எனக்குக் கிடைத்தது ஏழாவது நிலையம். பெரிய சாலையிலிருந்து வரும் தோட்டத்துப் பாதை மூன்றாகப் பிரியும் இடம். ஓட்டக்காரர்கள் வலப் பக்கம் திரும்ப வேண்டும். அதற்கு ஒரு சிறிய அம்புக்குறி அட்டை இருந்தது. நான் மூன்றரைக்கே எழுந்து வந்துவிட்டேன். அரை மணிக்கு ஒரு முறை, “நிலையம் ஏழு, எல்லாம் சரி.” அவ்வளவுதான் என் வேலை. ஒன்பது மணி வாக்கில் ஓட்டக்காரர்கள் ஒருவர் இருவராகக் குறைந்தார்கள். வெயில் ஏறியது. மன்றத்து நண்பர்கள் முடிவுக் கோட்டில் பதக்கம் எடுத்துக் கொடுத்துக்கொண்டும் படம் பிடித்துக்கொண்டும் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே என்னைப் பார்க்க ஒரு மாடுகூட இல்லை. பெட்டியின் சத்தத்தைக் குறைத்தேன். இரண்டு காதிலும் பாட்டு.

ஒரு ஆம்புலன்ஸ் என்னைத் தாண்டி நேராகப் போனது. நிமிர்ந்து பார்த்தேன். எங்கேயோ போகிறது என்று நினைத்து மறுபடி தலையைக் குனிந்தேன்.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் என் நிலையத்தின் பெயர் காதில் விழுந்தது. அது மூன்றாவது அழைப்பு. வலப் பக்கப் பாதையில், லைன் இல்லாத பள்ளத்தில், ஒருவர் வெயிலில் சுருண்டு விழுந்திருந்தார். அந்த வண்டியில் எங்கள் ஆள் யாரும் இல்லை. அதை வலப் பக்கம் திருப்பி விடச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வண்டி நேரே போய், தோட்டத்துக் கேட்டில் முட்டிக்கொண்டு நின்று, திரும்பி வந்தது. அப்போது நான் சாலை நடுவில் நின்று கையை ஆட்டினேன்.

அவர் பிழைத்துக்கொண்டார். தண்ணீர் நிலையத்துப் பிள்ளைகள் ஐஸையும் தண்ணீரையும் கொட்டி உடம்பைக் குளிர்வித்தது அவருடைய நல்ல நேரம். கடுமையான வெப்பத் தாக்கில் உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டிப் போகும். அப்போது ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குக் கணக்கு.

யாரும் என்னைத் திட்டவில்லை. சாயங்காலம் டிரெசர் ஐயா குறிப்பேட்டைக் கொடுத்து, சுத்தமாக எழுதித் தரச் சொன்னார். அதில் இருந்தது: ‘9.42 நிலையம் ஏழு அழைப்பு, பதில் இல்லை. 9.44 பதில் இல்லை. 9.47 பதில்.’

“ஐயா, இதையும் எழுதணுமா?”

“நடந்ததைத்தானே எழுதணும் தம்பி.”

எழுதினேன். அந்த மூன்று வரிகளை எழுதியபோது கை நடுங்கியது.

பிறகு பல நாள் யோசித்தேன். நான் சோம்பேறியா? மூன்றரைக்கு எழுந்தவன். கெட்டவனா? அதுவும் இல்லை. பிறகு எங்கே சறுக்கினேன்? பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று கீதை சொல்வதை நாமெல்லாம் சமய வகுப்பில் கேட்டிருக்கிறோம். ‘காசு வாங்காமல் வந்திருக்கிறேன், ஆகவே நான் பலனை எதிர்பார்க்கவில்லை’ என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மை அதுவல்ல. நான் ஒரு பலனை எதிர்பார்த்தேன். நாலு பேர் பார்க்க வேண்டும், ஒரு படம் வர வேண்டும், ஏதாவது நடந்து அதில் நான் உதவியாக இருக்க வேண்டும். அது எதுவும் வராதபோது என் கவனமும் கிளம்பிப் போய்விட்டது. என் கவனத்தைப் பலனோடு கட்டி வைத்திருந்தேன். அதனால் இரண்டும் சேர்ந்தே போயின.

பலனை விடு என்றால், எது நடந்தால் என்ன என்று இருப்பதல்ல. கவனத்தைப் பலனிலிருந்து அவிழ்த்து வேலையில் கட்டு என்பதுதான் அதன் பொருள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. சிவன் கோயிலில் நந்தியைப் பாருங்கள். கருவறைக்குள் அவருக்கு வேலை இல்லை. கருவறையில் காட்டப்படும் தீபாராதனை அவருக்கானதும் அல்ல. ஆனாலும் பார்வை ஒரு அங்குலம்கூட விலகாது. அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நாம் யாரும் சொல்வதில்லையே!

என் நண்பன் ஒருவன் கேட்டான்: “இப்பதான் எல்லார் கையிலும் போன் இருக்கே. ஒன்னும் நடக்காத நாளுக்கு எதுக்குடா இவ்வளவு பேரு?” நியாயமான கேள்விதான். நூறு நாளில் பெரும்பாலான நாள் போனே போதும். ஆனால் எந்த நாள் போதாது என்று முன்கூட்டியே தெரியாது. 2013 ஏப்ரல் 15-ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானிலும் ஹாம் தொண்டர்கள் பாதை நெடுக வழக்கம்போல உட்கார்ந்திருந்தார்கள். முடிவுக் கோட்டருகே இரண்டு குண்டுகள் வெடித்தன. மூவர் இறந்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓட்டத்தை முடிக்காமல் பாதையிலேயே நிறுத்தப்பட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் போன் அடிக்க, கைத்தொலைபேசிக் கட்டமைப்பு திணறியது. அந்த நேரத்தில் ஹாம் வானொலி பேசியது.

நம் கரைக்கும் ஒரு கதை உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கெடாவின் கோத்தா கோலா மூடாவையும் அடித்தது. மலேசியாவில் 68 பேர் மாண்டார்கள். சுமத்ராவில் நிலம் நடுங்கிச் சில மணி நேரம் கழித்துத்தான் அலை இங்கே வந்தது. அந்தச் சில மணி நேரத்தில் கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அதே நாள் அந்தமானின் போர்ட் பிளேரில், இந்தியாவைச் சேர்ந்த ஹாம் பாரதி பிரசாத் தம் குழுவோடு இருந்தார். உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதற்காக, பொழுதுபோக்காகப் போனவர். தொலைபேசி அறுந்ததும் அதே கருவி, தீவில் இருந்தவர்களின் நிலையை வெளியே சொல்லும் வழியாயிற்று. பேரிடருக்கென்று அவர் போகவில்லை. ஆனால் கருவி தயாராக இருந்தது, காதும் தயாராக இருந்தது.

ஒருவர் சொல்லைக் கலப்படம் இல்லாமல் இன்னொருவரிடம் சேர்ப்பதும் தருமம்தான். இலங்கையிலிருந்து திரும்பிய அனுமன், வந்ததும் முதலில் சீதையைக் கண்டுவிட்ட செய்தியைச் சொன்னதாகக் கம்பர் பாடுகிறார். தான் கடல் தாண்டிய கதை அப்புறம்தான். கேட்பவர் ஒரு நொடிகூடத் தவிக்கக் கூடாது என்ற கருணை அது.

இளைஞர்களே, உங்களை எல்லாம் ஹாம் தேர்வு எழுதச் சொல்ல வரவில்லை. எழுதினால் சந்தோஷம். ஆனால் இந்த முச்சந்தி எல்லார் வாழ்க்கையிலும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பாட்டி கட்டிலருகே இரவு முழுக்க உட்காரும்போது, மனம் உடைந்த நண்பன் எந்நேரமும் அழைக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கும்போது, திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நமக்கு வரும்போது. ஒன்றும் நடக்காமல் அது முடிந்தால், யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். எதற்கு நன்றி சொல்வது என்றே அவர்களுக்குத் தெரியாது. அதைத் தாங்கிக்கொண்டு விழித்திருப்பவன்தான் தொண்டன்.

அடுத்த வருடம் அதே நிலையத்தைக் கேட்டு வாங்கினேன். அரை மணிக்கு ஒரு முறை, “நிலையம் ஏழு, எல்லாம் சரி.” கடைசி ஓட்டக்காரர் ஒரு வயதான அம்மா. மெதுவாக நடந்தே வந்தார், என்னைப் பார்க்கவும் இல்லை, வலப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். அன்று குறிப்பேட்டில் என் பெயருக்கு நேரே எழுத ஒன்றுமே இல்லை. நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.