கண்டதை மட்டும் சொல்லு



போன மாதம் உபவாச ஜெபம் முடிந்ததும் புவனகிரிப் பக்கத்துச் சகோதரன் ஒருவர் என்னிடம் வந்தார். கையில் சிதம்பரம் கோர்ட்டு சம்மன். வாய்க்கால் தண்ணீருக்காக நடந்த அடிதடி வழக்கில் இவர் சாட்சி.

"ஐயா, தடியால அடிச்சது ரெண்டு பேரு. நான் கண்ணால பார்த்தேன். ஆனா எங்க ஆளுங்க அஞ்சு பேரைச் சொல்லச் சொல்றாங்க. அருவா இருந்துச்சுன்னும் சொல்லணுமாம். அடிபட்டவன் என் அத்தை மகன். என்ன செய்யட்டும்?"

நான் உடனே கண்டிக்கவில்லை. சபையிலே சாட்சி சொல்லும்போது சாதாரண ஜுரத்தை டாக்டர் கைவிட்ட வியாதியாக்குகிறவர்கள்தானே நாம்? நானே அப்படிச் சொன்னதுண்டு. அந்த நாக்குதான் கோர்ட்டுக் கூண்டிலும் ஏறுகிறது.

அவருக்கு யாத்திராகமம் 23-ம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களைக் காட்டினேன். ஊரே ஒரு பக்கம் நின்றாலும் அதற்காக நியாயத்தைப் புரட்டக் கூடாது. அதுமட்டுமா, ஏழையின் வழக்கு என்பதற்காகவும் பட்சபாதம் கூடாது என்கிறார் ஆண்டவர். அடிபட்டவன் நம்ம ஆள் என்பது பொய்க்கு அனுமதிச் சீட்டு அல்ல.

கோர்ட்டு நடைமுறையையும் கொஞ்சம் பாருங்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், எத்தனை பேர், எதனால் அடித்தார்கள் என்று டாக்டர் கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளைத்தான் எடுப்பார். தாளில் இரண்டு பேர், தடி. சாட்சி வாயில் ஐந்து பேர், அருவாள். பதரை நீக்கித் தானியத்தை எடுக்கத்தான் நீதிபதிகள் பார்க்கிறார்கள். ஆனால் பதரே அதிகமாகிவிட்டால்? உண்மையிலேயே அடித்த இரண்டு பேரும் சந்தேகத்தின் பலனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அன்றைய சென்னை மாகாணத்து வடிவேலு தேவர் வழக்கில் 1957-ல் சுப்ரீம் கோர்ட்டு சாட்சிகளை மூன்று விதமாய்ப் பிரித்தது: முழுவதும் நம்பத்தக்கவர், முழுவதும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் நடுவே நிற்கிறவர். முதல் விதமானால் ஒருவரே போதும். நடுவே நிற்கிறவருக்கோ வேறு ஆதாரம் துணை வேண்டும். உபாகமம் 19:15 இரண்டு மூன்று சாட்சி கேட்கிறது, நம் சட்டம் எண்ணிக்கை கேட்பதில்லை. நாபோத்துக்கு விரோதமாகவும் இரண்டு பேர்தானே எழும்பினார்கள்!

இருட்டில் முகம் தெரியாவிட்டால், தெரியவில்லை என்று சொல்வதும் சாட்சிதான்.

பயந்து குறைத்துச் சொல்வது இன்னொரு பக்கம். நம் கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கம், 2003 ஜூலையில் கண்ணகி, முருகேசன் என்ற இளம் தம்பதியை விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். ஜாதி மாறிக் கல்யாணம் செய்தார்களாம்! அடுத்த வருஷம் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. கடலூர் கோர்ட்டில் 30-க்கும் மேற்பட்டவர்கள் பிறழ் சாட்சியானார்கள். முன்பு பார்த்தேன் என்றவர்களே ஒன்றும் தெரியாது என்றார்கள். 2021 செப்டம்பரில்தான் 13 பேருக்குத் தண்டனை வந்தது. அதில் போலீஸ்காரரும் உண்டு. 18 வருஷம், பிரியமானவர்களே! 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு பெரும்பாலோரின் தண்டனையை உறுதிசெய்தது. அத்தனை பேர் பின்வாங்கியும் வழக்கு நின்றதென்றால், பின்வாங்காமல் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். கண்டும் சொல்லாதிருக்கிறவன் அந்தக் குற்றத்தைத் தானே சுமப்பான் என்கிறது லேவியராகமம் 5:1.

பயம் நியாயமானதுதான். அதனால்தான் 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. கடும் குற்ற வழக்குகளில் மிரட்டப்படுகிற சாட்சி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனுப் போட அது வழி திறந்தது. ஜெபமும் செய்யுங்கள், மனுவும் போடுங்கள்.

நம் சகோதரன் இரண்டு பேர், தடி என்றுதான் சொல்லப்போகிறார். அத்தை வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. அவர் மனைவி போன ஞாயிறு ஆராதனையில் அழுதுகொண்டே இருந்தார்கள். அடுத்த வாரம் வாய்தா. இரண்டு பேரையும் ஜெபத்தில் தாங்கிக்கொள்ளுங்கள்.