கருதாத கொலை

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு செல்லும் வழியில் திருப்பாலைவனம் உள்ளது. அதனைக் கடந்தால் ஏரியும், அது கடலோடு கலக்கும் முகத்துவாரமும், மீனவர் குப்பங்களும் தென்படும். அப்பாலுள்ள கடலில் டால்பின்கள் வாழ்கின்றன. தமிழில் அவற்றை ஓங்கில் என்பர். ஓங்கிலைக் கொல்லும் எண்ணத்தோடு வலை விரிப்பவர் அரிது. எனினும் அவை வலையிற்பட்டு மடிகின்றன. எவரும் கருதாத இக்கொலைக்கு யார் பொறுப்பு?

ஓங்கில் மீனன்று. (ஆசிரியப் பயிற்சி மாணவியர் சிலரும் மீனென்றே எழுதக் கண்டிருக்கிறோம்!) நுரையீரலால் மூச்சு விடுவது, ஏறத்தாழ ஓராண்டு சுமந்து, பெரும்பாலும் ஒரே கன்றை ஈன்று பாலூட்டுவது. வலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சு வாங்க இயலாமல் நீருக்குள்ளேயே உயிர் அடங்கும். கடல் ஆமைக்கும் இதே கதிதான். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. இழுவலைகள்மீதே பெரிதும் பழி விழுந்தது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை இடலாகாது என்பது தமிழக விதி. ஓங்கிலையோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது.

அறியாமல் நிகழ்ந்தது என்று கூறி அமையலாமா? தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது உயிர்க்கேடு என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அசட்டையோடு கூடிய செயலால் விளையும் உயிர்க்கேடு என்கிறது. அந்த அசட்டை மீனவருடையது மட்டுந்தானா? "நாம் மீன் உண்பதில்லை" என்ற நிம்மதி நமக்கு எளிதில் வந்துவிடுகிறது. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. வலை கட்டும் இடங்களை மீனவர்கள் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். வயிற்றுப்பாட்டுக்கு உழைப்பவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட வரம்பு அது. நாம் இட்டுக்கொண்ட வரம்பு எது?

செய்யாற்றங்கரையில் வாழும் நம் குடும்பத்தார் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். செய்யாறு பாலாற்றில் சேர்கிறது. பாலாறு வங்கக்கடலில் கலக்கிறது. திருமண விருந்து முடிந்தபின் ஆற்றோரம் கொட்டும் பிளாஸ்டிக் பைகள் வெள்ளக்காலத்தில் அவ்வழியே போகும். அவற்றை விழுங்கி மாண்ட ஓங்கில்கள் உலகின் பல கரைகளில் ஒதுங்கியுள்ளன. பாலாற்று முகம் பழவேற்காட்டுக்குத் தெற்கே வெகு தொலைவில் அன்றோ எனலாம். ஓங்கிலுக்கு எல்லாம் ஒரே கடல்.

கடற்கரைக்குச் செல்வோர் படகில் ஓங்கிலைத் துரத்தச் சொல்லிக் காசு நீட்டலாகாது. இரை எறிதலும் கூடாது. உயிரோடு ஒதுங்கியதைக் கண்டால் உடனே கடலுக்குள் தள்ளிவிடுவதே உதவி என்று பலர் கருதுகின்றனர். 2016 ஜனவரியில் திருச்செந்தூரை அடுத்த மணப்பாடு பகுதியில், ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்த பைலட் திமிங்கிலங்கள் 80-க்கு மேல் கரையேறின. மீனவர்கள் பாடுபட்டு அவற்றைக் கடலுக்குள் இழுத்துச் சென்றனர். சில மீண்டும் கரைக்கே திரும்பின. 40-க்கு மேல் இறந்தன. ஆகவே முதலில் வனத்துறைக்குச் செய்தி சொல்ல வேண்டும். அவர்கள் வரும்வரை உடலின்மேல் ஈரத்துணி போர்த்தி நிழல் செய்யலாம். தலைமேலுள்ள மூச்சுத்துளையைத் துணி மூடவோ, அதனுள் நீர் புகவோ விடலாகாது. வாலைப் பிடித்து இழுக்கலாகாது. குழந்தைகளைச் சற்றுத் தள்ளி அமைதியாக நிற்கச் செய்க. கூச்சலே அதனை மேலும் மிரட்டும்.