காலண்டர் தாள் அட்டை

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது அந்த அக்காவைப் பார்த்தேன். தூரத்து உறவு. கையில், பழைய காலண்டர் தாளில் அட்டை போட்ட தடிப் புத்தகம்.

“என்னக்கா, பையனோட பாடப் புத்தகமா?”

“இல்லடி... என்னோட பாடப் புத்தகம்!”

பிரித்தால், சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. 2004-ல் வந்த நாவல்.

பஸ் கிளம்பியதும் குரலைத் தாழ்த்தினார். “கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ராத்திரின்னாலே ஒரு பயம்தான். எனக்கு மட்டும்தான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். இதுல வர்ற பொம்பளைங்க எல்லாம் என்னை மாதிரியே பேசுறாங்கடி!”

எழுதியவர் வெளிநாட்டுக்காரர் இல்லை, நம்ம துவரங்குறிச்சிக்காரர். வயதுக்கு வந்ததும் 13 வயதில் பள்ளிக்கூடம் நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு கழிவறைக்குள் ஒளிந்து நின்று கவிதை எழுதியவர். 2001-ல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர். 2025-ல் மாநிலங்களவை உறுப்பினர்.

நான் பி.காம். படித்தவள். இயந்திரத்துக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். பெண்ணின் உடம்பையும் நாம் அப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறோம். உழைக்கும், பிள்ளை பெறும், தேயும். அதற்கு ஆசை உண்டா, வலி உண்டா என்று எழுத அந்தப் பேரேட்டில் இடமே இல்லை. எழுத வந்தால் என்ன ஆகும்? 2002-ல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பெயர் வைத்ததற்கே எத்தனை வசவு! கங்கைகொண்ட சோழபுரத்தில் அதே உடம்பைக் கல்லில் வடித்து, கிட்டத்தட்ட 1,000 வருஷமாகக் கும்பிடுகிறோம். கல் பேசாது, அதனால் பிரச்னை இல்லை.

“இதெல்லாம் படிச்சா குடும்பம் என்னாகும்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நான் திருப்பிக் கேட்கிறேன். ‘வேண்டாம்’ என்று சொல்ல வழியில்லாதவள் சொல்லும் ‘சரி’க்கு என்ன மதிப்பு? கட்டின மனைவியின் சம்மதம் இல்லாத உறவை நம் குற்றவியல் சட்டம் இன்றும் பலாத்காரமாகக் கருதவில்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 மட்டும், பாலியல் கொடுமையையும் வன்முறை என்று சேர்த்திருக்கிறது. சட்டம் பாதி தூரத்தில் நிற்கும்போது, மீதி தூரத்தை வீட்டுக்குள்தான் நடக்க வேண்டும். அதற்கு முதலில் வார்த்தை வேண்டும்.

1969-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சில பெண்கள் கூடி உட்கார்ந்து, தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே பேசினார்கள். மறு வருஷம் அது ஒரு சிறு புத்தகமாகி, பின்னர் உலகமெல்லாம் போனது. அவர்களுக்குக் கிடைத்த முதல் மருந்தும் அக்காவுக்குக் கிடைத்ததுதான்: ‘நான் மட்டும் இல்லை.’

புத்தகம் டாக்டர் அல்ல. ஆழமான காயத்துக்கு மருத்துவரும் மனநல ஆலோசகரும் வேண்டும். ஆனால், தன் மேல் தப்பில்லை என்று தெரிந்தவள்தான் அங்கே போய் வாய் திறப்பாள்.

அரியலூர் வந்தது.

“மாமாவுக்குத் தெரியுமாக்கா?”

“போன வாரம் முதல் தடவையா, ‘இன்னிக்கு வேணாங்க’ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் முழிச்சார். அப்புறம், ‘உடம்புக்கு என்ன பண்ணுது?’ன்னார். இருபத்திரண்டு வருஷத்துல என் உடம்பைப் பத்தி அவர் கேட்ட முதல் கேள்விடி அது!”

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். அட்டை மட்டும் இன்னும் அப்படியே இருந்தது.