யாரைக் கேட்டு எடுத்தீங்க?

பத்து வருசத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பிள்ளை என்னைக் கேட்ட கேள்வி இது. இன்றைக்கும் நேராக நின்று பதில் சொல்ல முடியவில்லை. முடியாததால்தான் எழுதுகிறேன்.

2015 நவம்பர், டிசம்பர் மழையில் கடலூர் மாவட்டம் தண்ணீரில் கிடந்தது. அரிசி, பாய், பொட்டலச் சோறு என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு தோழர்கள் காலனி காலனியாகப் போனோம். வழக்கம்போல ஊர்த்தெரு மேட்டில் இருந்தது, காலனி பள்ளத்தில் இருந்தது. தண்ணீருக்குச் சாதி தெரியாது என்பார்கள். தண்ணீருக்குத் தெரியாமல் இருக்கலாம், மனை பிரித்தவனுக்குத் தெரிந்திருக்கிறது.

என் கையில் கடன் வாங்கிய கேமரா ஒன்று இருந்தது. கவிழ்த்துப்போட்ட அண்டா மேல் ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தது. யாரோ கொடுத்த ஆம்பளைச் சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பக்கத்தில் ஒரு செவலை நாய், நடுவில் பிரித்த சோற்றுப் பொட்டலம். பிள்ளையின் கையும் பொட்டலத்தில், நாயின் வாயும் பொட்டலத்தில். நான் தெருமுனையிலேயே நின்று லென்சை இழுத்து நாலைந்து தடவை அழுத்தினேன். பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதில்தான் எனக்குப் பெருமை.

நிவாரணத்துக்குப் பணம் கேட்டு அடித்த துண்டறிக்கையில் அந்தப் படம் வந்தது. பிறகு நகரத்தில் ஒரு கண்காட்சியில் பெரிதாக்கி மாட்டினார்கள். வெள்ளத்தில் ஒரு குழந்தையும் அதன் 'பரையா' நாயும் என்று ஆங்கிலத்தில் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்கள். 'எவ்வளவு இயற்கையா இருக்கு, எடுக்கிறதே அதுக்குத் தெரியல பாருங்க' என்று ஒருவர் கை கொடுத்தார். நானும் கை கொடுத்தேன். கீழே எழுதியிருந்த வரியைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து அதே காலனிக்குப் போனபோது அந்தப் பிள்ளை எதிரே வந்து நின்றது.

"ஏங்க்கா, யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"எதைம்மா?"

"நானும் ஜிம்மியும் இருக்கிற போட்டோ. நான் ஒண்ணும் அதுகூட சாப்புடல. நான் துன்னுட்டு மிச்சத்தை அதுக்கு வச்சேன். காத்துல பொட்டலம் பறக்குதேன்னு புடிச்சிக்கிட்டு இருந்தேன். இஸ்கூல்ல எல்லாம் என்னை நாய்கூட துன்னவ, நாய்கூட துன்னவன்னு கூப்புடுதுங்க."

அவள் அம்மா குறுக்கே வந்து, "விடுடி, அக்கா நல்லதுக்குத்தான எடுத்தாங்க" என்றார். பிள்ளை கேட்டதைவிட இதுதான் எனக்குச் சுட்டது.

கேட்காமல், சொல்லாமல், எடுபடுகிறவருக்குத் தெரியாமல் எடுப்பதற்கு 'கேண்டிட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சொன்னால் ஆள் விறைத்துக்கொள்கிறார், முகத்துக்கு மேல் இன்னொரு முகம் போட்டுக்கொள்கிறார், சொல்லாமல் எடுத்தால்தான் உண்மை கிடைக்கும் என்பது இதற்கான நியாயம். பிள்ளைகளும் நாய்களும் இந்த வகைப் படத்துக்கு ரொம்பத் தோது. இரண்டும் கேமராவை மறந்துவிடும், இரண்டும் கேள்வி கேட்காது என்று நம்பித்தான் எடுக்கிறோம். என் விசயத்தில் ஒன்று கேட்டுவிட்டது.

நான் யாரையும் நிற்கவைக்கவில்லை. பொட்டலத்தை நகர்த்திவைக்கவில்லை. கேண்டிட் இலக்கணப்படி எல்லாம் சரி. ஆனாலும் படம் பொய் சொன்னது. எப்படி? ஒரு நொடிக்கு முன்னும் பின்னும் கிடையாது. பிள்ளை சாப்பிட்டு முடித்தது முன்னால், பொட்டலம் பறந்தது அப்போது, இரண்டும் படத்தில் இல்லை. அந்த முன்னையும் பின்னையும் பார்க்கிறவர் தன் மனசிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கிறார். அவர் மனசில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

என்ன இருக்கிறது? 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அம்பேத்கர் முன்னின்று எரித்த மனுநூலின் பத்தாவது அத்தியாயம், சண்டாளர் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், நாயும் கழுதையுமே அவர்கள் சொத்து என்று விதிக்கிறது. அந்த நாய்க்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் 'பரையா டாக்'. பறையர் என்ற நம் பெயர்தான் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளோடு ஆங்கில அகராதிக்குப் போய், அங்கிருந்து நம் தெருநாய்க்கே திரும்பி வந்திருக்கிறது. எம்.ஏ. வகுப்பில் ஞமலி, ஞாளி என்று நாய்க்குச் சங்கப் பெயர்களை மனப்பாடம் செய்தேன். இந்தப் பெயரை எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

ஆகவே சேரிப்பிள்ளையையும் நாயையும் ஒரு சட்டகத்தில் வைக்கிறபோது அது வெறும் பிள்ளையும் நாயுமாக இருப்பதில்லை. கீழே எழுத வேண்டிய வரி நாம் பிறக்கும் முன்பே எழுதித் தயாராக இருக்கிறது. பங்களா வாசலில் நாய்க்குட்டியைக் கட்டிப்பிடித்திருக்கும் பிள்ளையின் படத்தைப் பார்த்து, அடடா, விலங்குகளிடம் எவ்வளவு அன்பு என்கிறார்கள். எங்கள் பிள்ளை படத்தைப் பார்த்தால், அய்யோ பாவம் என்கிறார்கள். நாய் நாய்தான். பிள்ளை பிள்ளைதான். மாறுவது எது?

படத்தில் இருக்கிறவரைக்கும்தான் இந்தப் பரிதாபமும். தமிழ்நாட்டிலேயே சில ஊர்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது பத்திரிகைகளில் வந்திருக்கிறது. ஊர்த்தெருப் பெட்டை நாயோடு அது சேர்ந்துவிடுமாம். 2010 ஏப்ரலில் அரியானாவின் மிர்ச்பூரில் தெருவில் போன ஜாட் இளைஞர்களைப் பார்த்து ஒரு தலித் வீட்டு நாய் குரைத்தது. அதில் தொடங்கிய தகராறில் 21ஆம் தேதி வால்மீகி மக்களின் வீடுகளைக் கொளுத்தினார்கள். ஒரு முதியவரும் மாற்றுத்திறனாளியான அவர் மகளும் தீயில் செத்தார்கள். நம் நாய் பொட்டலத்தை நக்கினால் கலை, குரைத்தால் கலவரம்.

இதையெல்லாம் ஒரு தோழரிடம் புலம்பினேன். "அப்ப நாயை வெட்டிட்டுப் பிள்ளையை மட்டும் போட்டிருக்கணும். நம்ம பிள்ளைங்களை நாய்கூட ஏன் காட்டுற?" என்றார். முதலில் சரியென்றே பட்டது. யோசித்துப் பார்த்தால் இதுவும் அதே தப்புதான். கண்காட்சிக்காரர் பரிதாபத்துக்காக நாயைச் சேர்த்துக்கொள்கிறார். நாம் மானத்துக்காக நாயை வெட்டிவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு ஜிம்மி யார் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. வெள்ளத்தில் அவள் முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது புத்தகப் பையை அல்ல, ஜிம்மியைத்தான் என்று அவள் அம்மா பிறகு சொன்னார்.

இந்த இடத்தில் எனக்கு இன்னொரு படம் ஞாபகம் வருகிறது. 1934 பிப்ரவரியில் பம்பாய் ராஜகிருகம் வீட்டில் எடுத்தது. அம்பேத்கர், ரமாபாய், மகன் யஷ்வந்த், அண்ணி லட்சுமிபாய், அண்ணன் மகன் முகுந்த். கூடவே ஒரு நாய், பெயர் டாபி. ஒருவருக்கும் தெரியாமல் எடுத்த படம் அல்ல அது. எல்லாரும் தெரிந்து, கேமராவுக்கு முகம் கொடுத்து எடுத்துக்கொண்ட குடும்பப் படம். மனுநூலை எரித்து ஏழு வருசம் ஆகாத காலம். நாய்தான் உன் சொத்து என்று விதித்த நூலை எரித்தவர், நாயை வெட்டிவிடவில்லை. குடும்பத்தில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டு நிற்கிறார். எப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்று தானே முடிவு செய்த படம். அதில் உண்மை குறைந்துவிட்டதா?

என் வீட்டில் என் சின்ன வயசுப் படம் ஒன்றுகூடக் கிடையாது. உதவித்தொகை விண்ணப்பத்தில் ஒட்ட, ஹால் டிக்கெட்டில் ஒட்ட, காது தெரிய நேராகப் பார்த்து எடுத்தவைதான் எல்லாம். தாத்தா செத்த பிறகு மாலை போட்டு மாட்டியது ஒன்று. நம்மை அடையாளம் காண அரசாங்கம் எடுக்கிறது, இரக்கப்பட வெளியாள் எடுக்கிறார். நாமாக ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டது எத்தனை?

கேண்டிட் என்பதே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. வசதியுள்ள கல்யாண வீடுகளில் இப்போது கேண்டிட் எடுக்கத் தனி ஆளே வைக்கிறார்கள். பெண் சிரிப்பதை, தங்கச்சி கண்ணைத் துடைப்பதை அவர் யாருக்கும் தெரியாமல் எடுப்பார். ஆனால் கூப்பிட்டது வீட்டுக்காரர், கூலி கொடுத்தது வீட்டுக்காரர், எது ஆல்பத்தில் போகலாம் எது போகக் கூடாது என்று சொல்வதும் வீட்டுக்காரர். அங்கே, கேட்காமல் எடுப்பதற்கே முன்கூட்டிக் கேட்டுவைத்திருக்கிறார்கள். காலனிக்கு வருகிறபோது மட்டும் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை எடுத்துக்கொள்கிறோம்.

கலை என்று வாதிடுகிறவர்கள் ஹெலன் லெவிட்டைச் சொல்வார்கள். 1930களிலும் 40களிலும் நியூயார்க்கின் ஏழைத் தெருக்களில் விளையாடும் பிள்ளைகளை எடுத்தவர். கேமராவில் பக்கவாட்டாகப் பார்க்கும் கருவி ஒன்றை மாட்டிக்கொண்டு, வேறு பக்கம் பார்ப்பதுபோல நின்று எடுப்பார். அந்தப் படங்கள் எனக்கும் பிடிக்கும். அவற்றில் பிள்ளைகள் பாவமாக இல்லை, ராஜாவாக இருக்கிறார்கள். ஆனாலும் படம் நன்றாக இருக்கிறது என்பது, யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் ஆகாது. அது வேறு கேள்விக்கான பதில்.

அப்படியானால் வன்கொடுமையைப் படமெடுக்கவும் அனுமதி வாங்கணுமா என்று கேட்கலாம். அடிக்கிறவன் கையை எடுக்க அவனிடம் கேட்கத் தேவையில்லை. அடிபட்டவர் முகத்தை எடுக்கக் கேட்கணும். பாதிக்கப்பட்ட பிள்ளைகளை அடையாளம் காட்டக் கூடாது என்று 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவே சொல்கிறது. வழக்கில் மாட்டாத, சும்மா அண்டா மேல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அந்தப் பிரிவு காவல் இல்லை. அங்கே எடுக்கிறவருடைய மனசாட்சிதான் சட்டம். என் மனசாட்சி அன்றைக்கு லென்சுக்குள் கண்ணை வைத்திருந்தது.

கேட்டால் இயற்கை போய்விடும் என்பதும் முழு உண்மை அல்ல. பிள்ளையிடமும் தாயிடமும் சொல்லிவிட்டு, எடுத்ததைக் காட்டி, வேண்டாமென்றால் அழித்து, ஒரு பகல் முழுக்க அங்கேயே இருந்து பாருங்கள். முதல் அரை மணி விறைப்பார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். நமக்கு அந்த ஒரு பகல் இல்லை என்பதுதான் விசயம். நேரமில்லாததற்கு 'இயற்கை' என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம், "வேற போட்டோ எடுக்கலாமா?" என்று கேட்டேன். "நாளைக்கு வாங்க" என்றாள். மறுநாள் போனால் ஜிம்மியைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள். அவளுக்கு இரட்டைச் சடை, பள்ளிக்கூடச் சீருடை. ஹால் டிக்கெட் படத்துக்கு நிற்பதுபோல விறைப்பாக நின்றாள். ஜிம்மி திரும்பாமல் இருக்க அதன் காதைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். செயற்கையாக இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். பிரேம் போட்டு அவள் வீட்டில் கொடுத்தேன். இன்றைக்கும் சுவரில் இருக்கிறது. ஜிம்மி செத்து நாலு வருசம் ஆகிறது.

அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இந்தக் கட்டுரையை அவளிடம் படித்துக் காட்டினேன். "எழுதுங்க்கா. என் பேரு வேணாம், ஜிம்மி பேரைப் போட்டுக்குங்க" என்றாள். போட்டிருக்கிறேன்.

அந்த முதல் படம் மட்டும் யார் யாரிடம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. துண்டறிக்கை ஆயிரம் அடித்தோம். கண்காட்சியில் பலர் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போனார்கள். அதைத் திரும்ப வாங்க எனக்கு வழியில்லை. எங்கேயாவது பார்த்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: அவள் சாப்பிட்டு முடித்திருந்தாள்.