களையும் கடமையும்

குச்சனூரில் சுரபி நதிக்கரை வயல்களில் களை பறிப்போரைக் காணுந்தோறும் ஒரு வினா எழும். களை என்பது செடியின் இயல்பா, நாம் இட்ட பெயரா? வரப்பில் நிற்கும் தும்பை வண்ணத்துப்பூச்சிக்கு விருந்து. அதே தும்பை நகரத்துப் பூங்காவின் புல்தரையில் தலைகாட்டினால் குற்றவாளி!

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி, 1772 முதல் மழித்துப் பேணிய புல்தரையின் ஒரு பகுதியில் 2019-இல் காட்டுப்பூ விதைகளைத் தூவியது. செடி, சிலந்தி, பூச்சி இனங்கள் அங்கே மழித்த தரையினும் மும்மடங்கு இருந்ததை 2023-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

கப்றின் மீதுள்ள பசும்புல்லைப் பறிப்பது மக்ரூஹ் என்றும், உலர்ந்ததை அகற்றலாம் என்றும் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) எழுதினார். ஈரமுள்ளவரை அது இறைவனைத் துதிக்கிறது என்பதே காரணம். இதை ஓதிக்கொடுத்த நானே மதரஸா முற்றத்துத் தும்பையை வேரோடு பிடுங்கச் சொன்னேன். "ஹஜ்ரத், இதுவும் தஸ்பீஹ் செய்யுமல்லவா?" என்றான் ஒரு மாணவன். நாணினேன்.

உழவன் களையெடுப்பது உணவுக்காக, அது தேவை. கண்ணழகுக்காகப் பிற உயிர்களின் உணவை அறுப்பது தேவையாகுமா? பாம்பு வருமே என்பர். நடக்கும் வழியை மழிப்போம். எஞ்சியதை விதை உதிர்ந்தபின் ஆண்டுக்கொருமுறை அறுப்போம். அது கால்நடைக்கும் தீனியாகும்.

மார்க்கம் நம்மிடம் கேட்பது தூய்மையை, வெறுமையை அன்று. பூமி நமக்கு உடைமையன்று, அமானிதம். அதில் பிறர் பங்கையும் காப்பதே நம் கடமை.