இடக்கைப் பக்கம் ஏரி

வீராணம் ஏரிக்கரையில் பைக்கில் போக நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது திசையை. தெற்கே லால்பேட்டையில் கரையேறி, வடக்கே சேத்தியாத்தோப்பில் இறங்க வேண்டும் என்பேன். கடலூர் மாவட்டத்து நிலம் கிழக்கே கடலைப் பார்த்துச் சரிந்து கிடக்கிறது. அந்தச் சரிவில் வரும் நீரை நிறுத்தக் கிழக்கில்தான் மறிக்க முடியும். ஆகவே பெரிய கரை கிழக்கே, நீர் மேற்கே. சாலையில் நாம் இடப்பக்கம் போகிறவர்கள். வடக்கு நோக்கிப் போனால் எதிரே வரும் பஸ்ஸோ டிராக்டரோ மறைக்காமல் ஏரி நம் இடக்கைப் பக்கமே கூட வரும். காலையில் கிளம்பினால் வெயில் வலப்பக்கத்து வயல்களைத் தாண்டி வந்து நீரில் விழும், கண் கூசாது.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டு இந்தக் கரையைத் தேடி வருகிறவர்கள் உண்டு. ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் அந்தத் தொடக்கம் தமிழ் வாசகர் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. அவன் வடக்கிலிருந்து தெற்கே போனவன். ஏரி அவனுக்கு வலப்பக்கம். அவன் போன வழியிலேயே போக ஆசைப்படுகிறவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் எதிர்த்திசையையே சொல்வேன். நீர் இந்த ஏரிக்குள் தெற்கிலிருந்து நுழைந்து வடக்கு நோக்கிப் போகிறது. அதோடு சேர்ந்து போனால்தான் இந்த ஏரி எதற்காக இருக்கிறது என்பது விளங்கும்.

அப்படிப் போவதென்றால் பயணத்தை லால்பேட்டையில் தொடங்கினால் போதாது, இன்னும் தெற்கே போக வேண்டும். சென்னையிலிருந்து வருகிறவர் விக்கிரவாண்டியில் திரும்பி, பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் நெடுஞ்சாலையைப் பிடித்து அணைக்கரைக்கு வந்துவிடலாம். இந்தச் சாலை ஏரிக்கு மேற்கே ஒதுங்கிப் போகிறது. பல இடங்களில் அப்படியொரு ஏரி பக்கத்தில் இருப்பதே தெரியாது. அதில் எனக்கு வருத்தமில்லை. வேகத்துக்கு ஒரு சாலை இருக்கட்டும். அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே நிற்பது கீழணை. ஆர்தர் காட்டன் திட்டமிட்டு 1836இல் கட்டி முடித்தது. மேட்டூரில் திறந்து, முக்கொம்பில் பிரிந்து, கொள்ளிடத்தில் வரும் நீர் இங்கே தேங்கி நிற்கிறது. அதில் ஒரு பங்கு வடவாறு என்ற கால்வாயில் திரும்பி, இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடி வீராணத்தில் விழுகிறது.

வடவாற்றை ஒட்டியும் விட்டும் போகும் சின்னச் சாலைகள்தான் இந்தப் பயணத்தின் முதல் பாதி. முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக அந்தச் சாலைகள் விடாது, போகவும் தோன்றாது. கால்வாய் வளைந்தால் சாலையும் வளையும். நேர்கோட்டில் போட்ட சாலையில் அடுத்த ஊர்தான் மனத்தில் இருக்கும். நீர் போட்டுக் கொடுத்த வழியில் அடுத்த வளைவு மட்டுமே இருக்கும். வழியில் காட்டுமன்னார்கோயில். பழைய பெயர் வீரநாராயணபுரம். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர். ஏரிக்கும் ஊருக்கும் பெருமாளுக்கும் ஒரே பெயர். மூன்றும் வீரநாராயணன் என்ற பட்டப்பெயர் கொண்ட முதலாம் பராந்தக சோழனிடம் போய் நிற்கின்றன. அவன் ஆண்டது 907 முதல் 955 வரை.

லால்பேட்டை தாண்டிக் கரையேறியதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஏரிக்கு முதுகைக் காட்டி ஒருமுறை வலப்பக்கம் பார்க்க வேண்டும். எல்லோரும் இடப்பக்கம் நிற்கும் நீரைத்தான் பார்க்கிறார்கள்; செல்போனில் எடுக்கும் படத்திலும் அதுதான் வருகிறது. வலப்பக்கம் கீழே வயல்கள் தெரியும். கீழே என்பதைக் கவனிக்க வேண்டும். ஏரி நிறைந்திருக்கும் நாளில் இடப்பக்கத்து நீர்மட்டம் வலப்பக்கத்து நெல் நுனியைவிட உயரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது நாம் நிற்கும் இந்த மண் மட்டும்தான். கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரி. முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. நாற்பத்து நாலாயிரம் ஏக்கருக்கு மேல் இதை நம்பிப் பயிராகிறது. அத்தனை நீரும் சரிவுப்படி கிழக்கே ஓடத்தான் பார்க்கிறது. கரை பிடித்து நிறுத்தியிருக்கிறது. மதகுகள் வழியாக, இவ்வளவுதான் என்று கணக்குச் சொல்லி வெளியே விடுகிறார்கள். நாம் அழகான சாலை என்று தேடி வந்தது ஒரு சுவரின் தலைப்பகுதி.

சுவர் என்று தெரிந்த பிறகு கண் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கும். நீர்ப்பக்கச் சரிவில் அலை மண்ணை அரிக்காமல் இருக்கப் பதித்த கற்கள் தெரியும். எங்கே கல் சரிந்திருக்கிறது, எங்கே புதிதாக அடுக்கியிருக்கிறார்கள் என்று தெரியும். கரைக்குள் நண்டும் எலியும் வளை தோண்டும். அந்த வளை வழியே கசியும் நீர் விட்டுவைத்தால் உடைப்பாகும். மதகுக் கதவுக்கு எண்ணெய் போடவில்லையென்றால் தேவையான நாளில் திறக்காது. ஆற்றோடும் ஓடைகளோடும் வரும் வண்டல் ஆண்டுதோறும் ஏரிக்குள் படியும். அள்ளாவிட்டால் தரை ஏறி நீருக்கு இடம் குறையும். ஒவ்வொன்றும் சின்ன வேலை. அடுத்த மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும், அதற்கடுத்த மழைக்கு முன்னால் மறுபடியும் தொடங்க வேண்டும்.

இதை முழுவதும் உணர வேண்டுமானால் பயணத் திட்டத்தில் இன்னொரு ஊரைச் சேர்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கும்போது மீன்சுருட்டியில் ஜெயங்கொண்டம் பக்கம் திரும்பினால் சற்றுத் தூரத்தில் கங்கைகொண்ட சோழபுரம். பராந்தகனுக்குப் பின் வந்த முதலாம் இராசேந்திரன் கங்கைவரை படை அனுப்பி, அங்கிருந்து நீர் கொண்டுவரச் செய்து, வெற்றியின் நினைவாக இங்கே ஒரு பேரேரி வெட்டினான். சோழகங்கம் என்று பெயர். நீராலேயே நாட்டிய வெற்றித்தூண் என்று அந்த ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. அவன் எடுப்பித்த கோயில் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. ஏரி பெரும்பகுதி தூர்ந்துவிட்டது. பொன்னேரி என்ற பெயரில் மிஞ்சியிருப்பதைப் பார்ப்பவருக்குப் பழைய அளவை மனத்தில் கட்டிப் பார்ப்பதே கடினம்.

பராந்தகன் காலத்தில் வெட்டிய வீரநாராயணன் ஏரி வாழ்கிறது. அதைவிடப் பெரும்புகழோடு வெட்டிய சோழகங்கம் தூர்ந்தது. கோயில் கல். அதைக் கட்டியவர்கள் போன பின்னும் பல நூற்றாண்டு தனியே நிற்கும். ஏரி மண். கட்டியவர்கள் போன மறு ஆண்டே அது கரையத் தொடங்குகிறது. ஆகவே ஓர் ஏரி இருக்கிறது என்றால் அதன் கரையில் இன்னும் யாரோ வேலை செய்கிறார்கள் என்று பொருள். வீராணத்துக்கு ஆயிரம் வயதுக்கு மேல் ஆகிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த வயதைப் பராந்தகன் கொடுத்துவிடவில்லை. கடந்த ஆண்டு கரைக்கு மண் போட்டவர் ஓர் ஆண்டு கொடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு மதகடியில் இறங்கிச் செத்தை அள்ளியவர் ஓர் ஆண்டு கொடுத்தார். இப்படிப் பெயர் தெரியாதவர்கள் ஒவ்வோர் ஆண்டாகக் கொடுத்துச் சேர்ந்ததுதான் அந்த ஆயிரம். எங்காவது சில தலைமுறைகள் கை விட்டிருந்தால் இங்கேயும் ஒரு மேட்டையும் ஒரு பழைய பெயரையும்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

கோயில் கல்வெட்டுகளில் மன்னர்களின் மெய்க்கீர்த்தியை ஆவலாகப் படிக்கிற நாம், ஏரியில் தூர் வார ஊர்ச்சபையிடம் பொன் வைத்துவிட்டுப் போனவர்களைப் பற்றிய வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறோம். பராந்தகன் காலத்து உத்திரமேரூர்ச் சாசனத்தைக் குடவோலைத் தேர்தலுக்காகக் கொண்டாடுகிறோம். அந்த ஓலைகளைக் குடத்திலிட்டுத் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர், பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு மறுபடி இடமில்லை என்று 921ஆம் ஆண்டுச் சாசனம் விதிக்கிறது. ஏரியின் ஆயுள் ஓராண்டு ஓராண்டாகத்தான் நீள்கிறது என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதியாகவே அதை நான் படிக்கிறேன்.

சேத்தியாத்தோப்பை நெருங்கும்போது ஏரியின் வடகோடி வருகிறது. இங்கிருந்துதான் சென்னைக்குக் குடிநீர் போகிறது. 1960களின் கடைசியில் போட்ட முதல் வீராணம் திட்டம் பாதியில் நின்று, ராட்சதக் குழாய்கள் வருடக்கணக்கில் சாலையோரம் கிடந்ததைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். புதிய வீராணம் திட்டம் 2004இல் நிறைவேறியது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. வடக்குத்து என்ற ஊரில் சுத்திகரித்து, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் தள்ளுகிறார்கள். சென்னையிலிருந்து இந்த ஏரியைப் பார்க்க வருகிறவர் கிளம்பும் காலையில் குடித்துவிட்டு வந்த தண்ணீர் இதே ஏரியுடையதாக இருக்கலாம்.

கரையோர டீக்கடையில் ஒரு பெரியவர் என் வண்டி எண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மெட்ராசா தம்பி? அங்க தண்ணி ஒழுங்கா வருதா?" வருகிறது ஐயா என்றேன். "வரணும்," என்று சொல்லிவிட்டு அந்த ஆண்டு நடவு எப்போது என்பது பற்றிப் பக்கத்திலிருந்தவரிடம் பேச்சைத் தொடர்ந்தார். கோடையில் ஏரி வற்றும்போது வயலுக்கா சென்னைக்கா என்ற கேள்வி அவருடைய சோற்றைத் தொடுகிற கேள்வி. அப்படியும் அவர் முதலில் விசாரித்தது எங்கள் வீட்டுக் குழாயைப் பற்றி. தன் பொறுப்பில் இருக்கும் ஒன்று போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிற குரல் அது. காட்சியைத் தேடிப் போன எனக்கு அந்தக் கேள்வி பெரிய மரியாதையாக இருந்தது. அதற்குப் பிறகு இந்தக் கரையில் நான் ஹாரன் அடிப்பதில்லை, வேகமும் எடுப்பதில்லை.

இனி மாதம். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். அது கீழணைக்கு வந்து வடவாற்றில் திரும்பியதும் ஏரி ஏறத் தொடங்கும். மட்டம் 47.50 அடி என்று செய்தித்தாளில் வந்தால் நிறைந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆடி, ஆவணியில் அப்படிச் செய்தி வந்தால் உடனே கிளம்பலாம். ஐப்பசி, கார்த்திகையில் வானிலை மையத்தின் கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளி வைக்க வேண்டும். அரியலூர் பக்கத்துக் காட்டோடைகள், செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும், ஒரே இரவில் வெள்ளத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடை வழியாக உபரி நீரைத் திறப்பார்கள். கீழே உள்ள ஊர்கள் பயந்து கிடக்கும். அந்த நாட்களில் கரைச்சாலை மணல்மூட்டை ஏற்றிப் போகும் டிராக்டர்களுக்கும் காவலிருப்பவர்களுக்கும் வேண்டும். மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு போகலாம். அறுவடைக் காலத்தில் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும், அதன்மேல் ஏறாமல் ஒதுங்கி ஓட்ட வேண்டும். அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.